ஒரு சிறு காரின் பெறுமதி

கல்லூரி மலரொன்றிலே கல்வியைப் பற்றியோ கலையைப் பற்றியோ எழுதாது, பழைய கார் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு முதற்கண் வாசக அன்பர்கள் எம்மைப் பொறுத்தருளல் வேண்டும். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எமது இல்லத்துக்கு வந்த நாளில், எமது உள்ளத்தை முற்றாக நிறைத்துக்கொண்டிருந்தது இவ்வொரு பொருளே. முற்றத்து மாமரத்தின் கீழ் இருபத்திரண்டு ஆண்டுகளாக நின்று வரும் எமது மாருதி 800 காரை என்ன விலைக்கு விற்பது என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்த ஒருவருக்கு இக்கணக்கு எளிதாய் இருந்திருத்தல் வேண்டும். இருக்கவில்லை.

வினாவை எழுப்பியவர் எம்மிடம் கற்று, இப்பொழுது தாமும் ஆசிரியராய் விளங்கும் ஓர் இளைஞர். ஒரு மாலைப்பொழுதில், மழை தூறிக்கொண்டிருக்கையில், அவர் தம் மனைவியோடும் குழந்தைகள் இருவரோடும் மோட்டார்ச் சைக்கிளில் எமது படலையடியில் வந்து இறங்கினார். மூத்த பிள்ளை தந்தையின் முன்னே எண்ணெய்த் தாங்கியின் மீது இருந்தது. இளைய பிள்ளை இருவர்க்கும் இடையே, மழையங்கியின் கீழ், வெளியே தெரியாதவாறு ஒடுங்கியிருந்தது. தலைக்கவசம் பெரியவர்கள் இருவருக்கே இருந்தது.

"சேர், காரை விக்கிற எண்ணம் இருக்கெண்டு கேள்விப்பட்டன். என்ன விலை சொல்லுறியள்?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகக் கூறித் தேநீர் கொடுத்து அனுப்பினோம். அவர் கேள்விப்பட்டது மெய்யே. எமது கண்களைப் பரிசோதித்த வைத்தியர், இனி இரவில் மட்டுமன்றிப் பகலிலும் நாம் கார் செலுத்துவது தகாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாமும் அதனை மறுத்துரைக்கவில்லை. நல்லூர் வீதியில் ஒரு நாள் பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரைக் காணாது திரும்பி, இறையருளால் தப்பினோம். அன்று நடுங்கிய கை இன்றும் நினைக்குந்தோறும் நடுங்குகின்றது.

நிறுப்பதற்குத் தட்டுகள் இரண்டு வேண்டும் என்பது சந்தைக்குச் செல்லும் சிறுவனும் அறிந்தது. ஆயின் காரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறுதட்டில் இன்னொரு காரையே வைக்கின்றனர். எமது மாருதிக்கு எதிரே புதிய யப்பானியக் கார் ஒன்றை வைத்தால், எமது தட்டு எழும்பி வானத்திலே தொங்கும். அந்த மோட்டார்ச் சைக்கிளையும், அதன் மேலிருந்த நால்வரையும், அம்மழையையும் வைத்தால் என்னாகும்? அன்றிரவு உறக்கம் வராது கிடந்தபோது இதுவே எமது சிந்தனையாயிற்று.

நாம் கல்லூரியிற் பயின்ற 1960களின் பிற்பகுதியில், ஆசிரியர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. வெளியூர்க் கல்லூரிகளோடு கிறிக்கெற் ஆடப் புறப்படும் நாளிலே அவர் அதனை மனமுவந்து கொண்டுவருவார். மட்டைகளும் காற்கவசங்களும் அடங்கிய நீண்ட பை அதன் பின்பெட்டியுள் நுழையாது. ஆகவே அது பின்னிருக்கையில் நெருங்கியிருந்த எம் ஐவரது மடிகளின் மேலும் குறுக்கே கிடக்கும். ஆடுகளத்தை அடையும்போது கால்கள் விறைத்து, முதற் பந்துப் பரிமாற்றம் முடியும் வரை ஓட இயலாது. அன்றைய தோல்விகள் சிலவற்றுக்கு அப்பின்பெட்டியே காரணம் என்று நாம் இன்றும் வாதாடுவதுண்டு. உடன் ஆடிய நண்பர்கள் உடன்படுவதில்லை.

அந்த மொறிஸ் மைனரை 1948இல் வடிவமைத்துத் தந்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பின்னர் மினி என்னும் சிறு காரையும் ஆக்கினார். அதன் பிறப்பு வரலாறு எமக்கு மிகவும் உவப்பானது. 1956ஆம் ஆண்டில் சுயெஸ் கால்வாய் நெருக்கடி மூண்டு, இங்கிலாந்திலே பெற்றோல் பங்கீடு செய்யப்பட்டது. குறைந்த எண்ணெயில் நால்வரைக் கொண்டுசெல்லும் உண்மையான கார் ஒன்று வேண்டுமெனப் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத் தலைவர் பணித்தார். இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சில்லுகளே வண்டியை இழுக்குமாறு செய்தார். சில்லுகளைப் பத்து அங்குலமாகச் சிறுக்கினார். வண்டியின் மொத்த நீளம் பத்தடி அளவே ஆயினும், தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் அவர்தம் மூட்டைகளுக்கும் கிடைத்தது. 1959 ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்த அந்த ஏற்பாட்டையே இன்று உலகிற் பெரும்பாலான சிறு கார்கள் பின்பற்றுகின்றன. எமது மாருதியும் அவ்வழி வந்ததே.

மினியில் இல்லாத ஒன்று மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு. அதே 1959இல் வந்த ஒஸ்ரின் ஏ40 கன்றிமன் என்னும் வகையிலே பின்புறம் இரு கூறாகத் திறந்தது. கண்ணாடி மேலே எழ, உலோகப் பாகம் கீழே விழும். 1961இல் பிரான்சிய ரெனோல்ற் 4 முழுக் கதவையும் மேலே தூக்கியது. 1974இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கோல்ப் வந்த பின்னர் இவ்வமைப்பு எங்கும் பரவி, ஹாட்ச்பாக் என்னும் பெயர் எமது ஊர்க் கராச்சுகள் வரை வந்து சேர்ந்தது.

இக்கதவின் அருமையை, கார் வாங்கிச் சில மாதங்களுக்குள் நாம் உணர்ந்துகொண்டோம். பின்னிருக்கையின் சாய்வை முன்னே மடித்துவிட்டால், நால்வர் அமரும் கார் சிறிய லொறியாகிவிடும். வாழைக்குலைகள், இரண்டு மூட்டை நெல், பரிசளிப்பு விழாவுக்குக் கொணர்ந்த கிண்ணங்கள், நூலகத்துக்கு அன்பளிப்பாய்க் கிடைத்த பழைய கலைக்களஞ்சியத் தொகுதி, அயலவரின் சக்கர நாற்காலி, ஒருமுறை பால் தரும் ஆடொன்றும் அதன் குட்டியும் அதனூடாகச் சென்றன. ஆடு சென்ற பின்னர் ஒரு மாதகாலம் எமது மனைவியார் அதில் ஏற மறுத்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. கதவின் கீழ்விளிம்பு சற்றே உயரமாதலின் மூட்டையைத் தூக்கியே போடவேண்டும். முதுகு நோகும். ஆயினும் தனியே ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்தும் செலவு இல்லை. இந்தியாவில் 2008இல் ஓர் இலட்சம் ரூபாக் கார் என்று பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமான ரற்றா நனோவில், விலையைக் குறைக்கும் பொருட்டு இந்தப் பின்கதவையே விலக்கிவிட்டனர். உருவம் ஹாட்ச்பாக், ஆனால் பின்புறம் திறவாது. 2015இல் வந்த திருத்தத்திலேதான் கதவு கிடைத்தது. 2018இல் அதன் உற்பத்தியே ஓய்ந்தது. ஸ்கூட்டரில் மழையில் நனைந்து சென்ற ஒரு குடும்பத்தைக் கண்டதே அக்கார் பிறக்கக் காரணம் என ரத்தன் ரற்றா கூறியிருந்தார். நோக்கம் தூயது. உலகிலே மலிவான கார் என்ற பட்டத்தைத் தாமே முற்றத்தில் நிறுத்தி வைக்க எவர் விரும்புவர் என்பதை மட்டும் எண்ணவில்லை போலும்.

மாருதி அவ்வாறு தாழ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கவில்லை. யப்பானிய சுசுக்கி நிறுவனத்தின் துணையோடு குர்கானில் உருவான அதன் முதற் காரை 1983 டிசெம்பர் 14ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி ஒரு குடிமகனிடம் கையளித்தார். 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, மூன்று சிலிண்டர்கள், பன்னிரண்டு அங்குலச் சில்லுகள், பதினோரடிக்கும் குறைந்த நீளம். 2014 வரை இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை அங்கு விற்பனையாயின. இலங்கையிலும் எழுதுவினைஞர், ஆசிரியர், தாதியர், சிறுகடை முதலாளி ஆகியோரின் முதலாவது கார் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

நாம் அதனை வாங்கியது 2003இல். முந்திய ஆண்டிலே ஏ9 பாதை திறக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் தரைவழி உண்டாகியிருந்தது. கொழும்பிலே ஐந்தாண்டு ஓடிய வெள்ளைக் காரை நாலரை இலட்சம் ரூபா கொடுத்து வாங்கி, நாமே செலுத்தி வந்தோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, புளியங்குளத்தை அண்டியபோது கிளச்சுக் கம்பி அறுந்து, மரநிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வீதியோரக் கராச்சிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் நாற்பது நிமிடத்தில் புதுக்கம்பி பூட்டிவிட்டு, "ஐயா, இந்தக் காருக்குச் சாமான் எந்தக் கடையிலும் எடுக்கலாம்" என்று ஆறுதல் கூறினான். அச்சிறுவன் கூறியது இருபத்திரண்டு ஆண்டுகளிலும் பொய்க்கவில்லை.

ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்லாவிடின் கணக்கின் முதல் வரியையே மறைத்தவராவோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருள் விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய என்ஜின்களாதலின் அவை பொறுத்துக்கொண்டன. பின்னே கரும்புகை ஒரு திரையாய் எழும். அவ்வண்டியும் கிடைக்காத கார்த்திகை இரவொன்றில், 1992ஆம் ஆண்டு, நிறைமாதத்தவராயிருந்த எமது மனைவியாரைச் சைக்கிளின் பின்கரியரில் இருத்தி, விளக்கின்றி, முழங்காலளவு வெள்ளத்தில் தள்ளியும் ஓட்டியும் மகப்பேற்று விடுதிக்குக் கொண்டுசென்றோம். வழியிலே சைக்கிள் சரிந்து இருவரும் வீழ்ந்தோம். மகள் நலமே பிறந்தாள். அதன் பின்னர் மனைவியார் நகையோ சேலையோ கேட்டதில்லை. "கூரை உள்ள வண்டி ஒண்டு" என்று மட்டும் இரண்டொரு முறை சொன்னார். சேமிப்பும் பாதையும் ஒருங்கே வாய்க்கப் பதினோராண்டு சென்றது.

அந்த மகள் இன்று கனடாவிலே தன் பிள்ளைகளை ஆறு காற்றுப் பைகள் கொண்ட காரில் ஏற்றிச் செல்பவள். "அப்பா, அது காரில்லை, தகரப்பேணி" என்று தொலைபேசியில் அடிக்கடி கடிந்துகொள்வாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2014 தை மாதத்தில், குளோபல் என்கப் என்னும் பாதுகாப்புச் சோதனை அமைப்பு மாருதியின் தம்பியாகிய அல்ற்றோ 800ஐ மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப் பை இல்லாத அக்காருக்கு வயது வந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரந்தானும் கிடைக்கவில்லை. மாருதி 800இன் உற்பத்தி நின்றதும் அதே தை மாதத்திலேயே. தம்பியின் நிலை அதுவாயின் தமையனைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. ஏ9 வீதியில் பெரிய லொறி ஒன்று எதிர்ப்பட்டுக் கடக்கும்போது, எமது கார் முழுவதும் ஒருபுறமாக ஒதுங்கி நடுங்குவதை நாமே உணர்ந்திருக்கின்றோம். ஆதலின் மணிக்கு அறுபதுக்கு மேல் அதனை விரட்டுவதில்லை என்று நோன்பு பூண்டோம். பேருந்துச் சாரதிகள் பின்னின்று ஒலியெழுப்பி எமது நோன்பைப் பாராட்டுவர்.

வேறு குறைகளும் உள. நிற்கும்போது மூன்று சிலிண்டர் என்ஜின் குளிர்காய்ச்சல் கண்டவர் போல் நடுங்கும். சித்திரை வெயிலில் உள்ளே அமர்ந்தால் இட்டலியின் அனுபவம் கிட்டும். எமது கடற்காற்று கதவுகளின் அடியை இருமுறை அரித்து, இருமுறையும் தகடு வெட்டி ஒட்டினோம். பன்னிரண்டு அங்குலச் சில்லு விழாத குழி வலிகாமத்தில் இல்லை.

கல்யாண மண்டபங்களிலே எமக்குக் கிடைத்த மரியாதையும் குறிப்பிடத்தக்கது. முன்வாயிலில் பெரிய கார்களுக்குக் கைகாட்டி இடங்கொடுக்கும் காவலாளர், எம்மைக் கண்டதும் பின்புறம் செல்லுமாறு சைகை செய்வார். பின்புறத்திலேதான் சமையற்கட்டு இருக்கும். அதனால் பந்திக்கு முந்தும் பேறு பலமுறை வாய்த்தது. மனைவியாருக்கு மட்டும் அச்சைகை உறுத்தும். நாம் ஓய்வுபெற்று, பணிக்கொடை கைக்கு வந்தபோது, பின்பெட்டி தனியே நீண்ட பெரிய கார் ஒன்றை வாங்குமாறு உறவினர் பலர் கூறினர். மனைவியாருக்கும் உள்ளூர ஆசை இருந்திருக்கலாம். அப்பணத்தை மகளின் படிப்புக் கடனுக்குக் கொடுத்தோம். மாருதிக்கு நான்கு புது ரயரும் ஒரு பற்றறியும் கிடைத்தன.

நிற்க. 2022ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதல் வேண்டும்.

அவ்வாண்டு மாசி மாதத்திலே மனைவியாருக்குப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. தெல்லிப்பளையில் மருந்தேற்ற வேண்டும். இடையிடையே இரத்தப் பரிசோதனைக்கும் செல்லவேண்டும். வாரத்தில் இரண்டு பயணம். நாடு அந்நியச் செலாவணி இன்றித் தத்தளித்த காலம் அது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல், ஆனி மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுப்பதற்கும் ஆளுண்டு, பெற்றோல்தான் இல்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டன. நாமும் இரண்டு இரவுகள் காரினுள்ளேயே உறங்கினோம். மூன்றாம் நாள் காலையில் வரிசையிலேயே ஒரு பழைய மாணவர் எம்மை அடையாளங்கண்டு, தம்முடைய இடத்தை எமக்குத் தந்துவிட்டுப் பின்னே சென்று நின்றார். அவரது பெயரை எழுதுவதை அவர் விரும்பார்.

பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தது. கார் ஒன்றுக்கு வாரத்துக்கு இருபது லீற்றர். முச்சக்கர வண்டிக்கு ஐந்து. மோட்டார்ச் சைக்கிளுக்கு நான்கு. இங்கேதான் கணித ஆசிரியரின் கண் விழித்தது. காரின் பருமன் எதுவாயினும் பங்கு அதே இருபது லீற்றர். அயலிலே செல்வந்தர் ஒருவரிடம் மூன்று லீற்றர் என்ஜின் பூட்டிய பெரிய ஜீப் இருந்தது. எமது வீதிகளில் அது லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடினால் மிகுதி. அவரது இருபது லீற்றர் நூற்று நாற்பது கிலோமீற்றரில் தீர்ந்தது. எமது மாருதி லீற்றருக்குப் பதினைந்து ஓடும். அதே இருபது லீற்றர் எமக்கு முந்நூறு கிலோமீற்றர். தெல்லிப்பளைக்குப் போய்வர ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இரு பயணத்துக்கு நான்கு லீற்றர் போக, பதினாறு லீற்றர் கையில் நின்றது. வாழ்நாளிலே முதன்முறையாக நாம் அயலில் யாரினும் செல்வந்தராயினோம்.

அப்பதினாறு லீற்றரை வைத்து வேறென்ன செய்வது? அதே நாளில் மருந்தேற்றச் செல்லும் வேறு இருவர் எமது ஒழுங்கையிலேயே இருந்தனர். அவர்களுள் ஒருவர் தாம் ஏறிச் செல்லும் முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் கிடைக்காத வாரத்தில் சிகிச்சையைத் தவறவிட்டவர். இருவரையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டோம். மனைவியார் முன்னிருக்கையைச் சாய்த்து, மடியில் ஒரு சிறு வாளியை வைத்துக்கொண்டு வருவார். திரும்பும் வழியில் மூவரில் ஒருவருக்கேனும் வாந்தி வரும். வண்டியை மெல்ல நிறுத்துவோம். ஒருவர்க்கொருவர் தண்ணீர் கொடுத்துக்கொள்வர். பின்கதவின் உள்ளே ஒரு மடக்குக் கட்டிலும் தலையணை இரண்டும் எப்பொழுதும் கிடந்தன. விடுதியிலே காத்திருக்கும் நேரம் நீண்டால் விறாந்தையில் விரிப்பதற்கு. ஒன்பது மாதங்கள் இவ்வாறு சென்றன. பின்னிருக்கையில் வந்தவர்களுள் ஒருவர் மட்டும் அடுத்த தீபாவளியைக் காணவில்லை.

அந்த மாதங்களிலேயே கொழும்பிலிருந்து தரகர் ஒருவர் வந்தார். 2020 பங்குனி முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய கார்களின் விலை பொன்விலையாக ஏறியிருந்தது. அவர் காரைச் சுற்றிப் பார்த்து, ஒட்டுப்போட்ட தகட்டை விரலால் தட்டிப் பார்த்து, பதினைந்து இலட்சம் தருவதாகச் சொன்னார். வாங்கிய விலையின் மூன்று மடங்குக்கும் மேல்! பத்தொன்பது ஆண்டு ஓட்டிய பின்னர் பொருளொன்று மும்மடங்கு விலைபோவதை எந்தக் கணித நூலும் எமக்குக் கற்பிக்கவில்லை. மருந்துகள் சிலவற்றை வெளியே வாங்கவேண்டியிருந்த காலமாதலின் எமது மனம் சற்றே அசைந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். உள்ளே படுத்திருந்த மனைவியாரிடம் சென்று விடயத்தைக் கூறினோம். அவர் கண்ணைத் திறவாமலே, "இஞ்சாருங்கோ, வித்துப்போட்டு என்னத்தில போறது?" என்றார். தரகருக்கு விடைகொடுத்தோம்.

அன்று நாம் அறிந்துகொண்டது ஒன்றுண்டு. பதினைந்து இலட்சம் என்பது தட்டுப்பாட்டின் விலை. அரசாங்க வர்த்தமானி ஒன்றினால் ஏறியது, இன்னொன்றினால் இறங்கும். அவ்வாறே 2025 மாசி முதலாம் நாள் தொடக்கம் தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை சற்றே சரிந்தது. ஆயினும் புதுக் காருக்கு விதிக்கும் வரிகள் மலைபோல் இருப்பதனால், ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு அது எட்டாக்கனியே. கடைத்தெருவிலே கார்களின் விலை அறிந்த நண்பர் ஒருவரை விசாரித்தபோது எமது கார் இன்றும் பன்னிரண்டு இலட்சம் பெறும் என்றார்.

இனி அவ்விளைஞருக்கு விடை கூறவேண்டும். பன்னிரண்டு என்று சொன்னால் அவர் வங்கிக்கடன் பெற்று, பல ஆண்டு வட்டி கட்டுவார். அல்லது மோட்டார்ச் சைக்கிளிலேயே செல்வார். இலவசமாகக் கொடுத்தால் அவர் ஏற்கமாட்டார். எமக்கும் மருத்துவச் செலவு இன்னும் உண்டு. ஒரு தாளை எடுத்து, வாங்கிய விலை, திருத்தச் செலவு, ஓடிய தூரம், தேய்மானம் என்று நிரல்படுத்தி எழுதினோம். எத்தனை வழியிற் கூட்டினாலும் விடை வேறு வேறாய் வந்தது. இரண்டாம் நாள் மனைவியார் அத்தாளை எடுத்துப் பார்த்தார். நோய் தணிந்து, முடி மீண்டும் வளர்ந்து, முன்னிலும் கண்டிப்பானவராக இப்போது விளங்குகின்றார்.

"அந்தச் சின்னன் நடுவில நசிஞ்சு வந்ததைக் கண்டனீங்களே?" என்று கேட்டார்.

கண்டோம் என்றோம்.

"ஏழு சொல்லுங்கோ. அதுக்குக் குறைச்சுச் சொன்னால் பிள்ளைக்கு வெக்கமாயிருக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கால் என்னைத் தெல்லிப்பளைக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கொண்டுவரவேணும். அதையும் சொல்லுங்கோ."

மறுதட்டில் எதை வைப்பது என்று நாம் இரண்டு இரவு தேடியதை அவர் அந்த மழைநாள் மாலையிலேயே கண்டுகொண்டார் போலும். பன்னிரண்டில் ஏழு போக மீதி ஐந்து இலட்சம் எந்த நிரலில் எழுதப்படும் என்று வினவ எமக்குத் துணிவு வரவில்லை.

இளைஞரை அழைத்து விலையையும் நிபந்தனையையும் கூறினோம். விலையைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், நிபந்தனையைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்றார். சொல்லத்தான் வேண்டும் என்றோம். எமது வீட்டிலே கணக்கை முடித்தவர் வேறொருவர் என்பதை அவர் அறியார். குறைகளையும் ஒன்றும் விடாது எடுத்துரைத்தோம். காற்றுப் பை இல்லை. ஏ9இல் அறுபதுக்கு மேல் ஓடலாகாது. மழையில் பிறேக் சற்றுப் பிந்திப் பிடிக்கும். ஆட்டைப் பற்றியும் சொன்னோம். மூத்த பிள்ளை அதற்குள் பின்கதவைத் தூக்கித் திறந்து, உள்ளே ஏறி, மடக்குக் கட்டிலின் மேல் அமர்ந்துகொண்டது.

ஒன்று மட்டும் எம் பொறுப்பாக வைத்துக்கொண்டோம். பின்னிருக்கையிலே பட்டிகள் இல்லை. பிள்ளைகள் இருவரும் அங்கே அமரப்போகின்றவர்கள் ஆதலின், பட்டி பூட்டி, பிறேக் தகடுகளையும் மாற்றிய பின்னரே காரைக் கையளிப்பதென்று உறுதியாய்க் கூறிவிட்டோம். இக்கட்டுரையை எழுதும் இந்நாளில் பிறேக் வேலை முடிந்துவிட்டது. பட்டிகள் கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.